மலைச்சரிவில் தார்ப்பாய் போட்ட கோடைகள்

எங்கள் ஊரில் கூத்து ராத்திரிதான் ஆரம்பிக்கும். பாய் மட்டும் சாயங்காலம் ஐந்து மணிக்கே விழுந்துவிடும். செய்யாறு பக்கத்துக் கிராமம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் வேலை. பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் எதிரே, ஆனால் வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது புழுதி மூஞ்சியில் படாத தூரத்தில் பாயை விரித்து, நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு வர வேண்டும். பாய் போட்ட இடத்தை யாரும் மிதிக்க மாட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் எட்மன்டன் நகரத்துக்கு வந்து இரண்டாவது கோடையில் ஒரு மலைச்சரிவு முழுக்க மனிதர்கள் தார்ப்பாய் விரித்து இடம் பிடிப்பதைப் பார்த்தபோது, இந்த ஊரில் நம்மால் இருந்துவிட முடியும் என்று எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

நாங்கள் வந்து இறங்கியது 2017 ஜனவரியில். கணவர், மூன்று வயதுப் பையன், நான். அந்தக் குளிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். ஆனால் கோடை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஜூன் மூன்றாவது வாரத்தில் இங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டிவிடும். பகல் மட்டும் பதினேழு மணி நேரம். மழை, பனி, இருட்டு என்று ஏழு மாதம் அடைந்து கிடந்த ஊர், கிடைத்த மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் செய்துவிடப் பார்க்கும். ஜூனில் ஜாஸ் விழா. 1986-இல் தொடங்கிய ‘தி வொர்க்ஸ்’ ஓவிய, வடிவமைப்பு விழா. ஜூலையில் 1985 முதல் நடக்கும் தெருக்கலைஞர் விழா. ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் ஹெரிட்டேஜ் விழா. அடுத்து நாட்டுப்புற இசை விழா, அதற்கும் அடுத்து ஃபிரிஞ்ச் நாடக விழா. திருவிழா நகரம் என்று இந்த ஊரை அழைப்பது வெறும் விளம்பரம் இல்லை.

முதல் கோடையில் நாங்கள் செய்த தவறு, எல்லாவற்றுக்கும் போனது. குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு பட்டியல் ஒட்டி, ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். எதிலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவில்லை. பார்க்கிங்குக்குப் பணம், வரிசையில் நின்று சாப்பாடு, பையன் அழுகை, வீடு. ஆகஸ்ட் முடிவில் யோசித்தால் ஒரு பாட்டு, ஒரு முகம்கூட மனதில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தோம். கோடைக்கு இரண்டே விழா. அதில் முழுசாக உட்காருவது. மற்றதெல்லாம் போகிற வழியில் இலவசமாகக் கிடைத்தால் பார்ப்பது. இதை வாசிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் எந்த ஊராக இருந்தாலும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் இரண்டில் முதலாவது, எட்மன்டன் நாட்டுப்புற இசை விழா. 1980-இல் தொடங்கியது, மறு ஆண்டிலிருந்து காலகர் பூங்காவில் நடக்கிறது. பூங்கா என்றாலும் அது ஒரு மலைச்சரிவு. பனிக்காலத்தில் அதே சரிவில் பனிச்சறுக்கு விளையாடுவார்கள். கீழே பெரிய மேடை. மேடைக்குப் பின்னால் வடக்கு சஸ்காச்சுவன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் நகரத்தின் உயரமான கட்டடங்கள். சரிவில் எங்கே உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஆகஸ்டில் வியாழன் மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை நான்கு நாள்.

நாட்டுப்புற இசை என்றதும் கிதார் வைத்துக்கொண்டு ஒருவர் பாடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா என்ற நரம்பு வாத்தியம், அயர்லாந்து பிடில், ப்ளூஸ், இங்குள்ள பூர்வகுடிகளின் பாட்டு என்று எல்லாம் வருகிறது. ஆனால் உண்மையான விஷயம் ராத்திரிப் பெரிய மேடையில் இல்லை. சனி, ஞாயிறு பகலில் பூங்காவைச் சுற்றி இருக்கும் சிறு மேடைகளில்தான் இருக்கிறது. முன்பின் பழக்கமில்லாத மூன்று நான்கு குழுக்களை ஒரே மேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவர் ஒரு பாட்டுப் பாடுவார், அடுத்தவர் அதற்கு ஏற்ற மாதிரி இன்னொன்று. மூன்றாவது சுற்றில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வாசிக்க ஆரம்பிப்பார். முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு. அந்த இடத்தில் பிறக்கும் இசை முன்னால் இருந்ததில்லை, மறுபடி வரப்போவதும் இல்லை. டிக்கெட்டை வாங்கிவிட்டுப் பெரிய பெயர்களுக்காக ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

2019-இல் அம்மா வந்திருந்தாள். அறுபத்திரண்டு வயது, முதல் வெளிநாட்டுப் பயணம். வந்த மூன்று வாரமும் வீட்டுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, “தெருவுல மனுஷ நடமாட்டமே இல்லையேடி” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. சரி, மலைக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்தோம்.

சனிக்கிழமை காலை வரிசையில் நின்றோம். யார் முதலில் உள்ளே போவது என்பதற்குக் குலுக்கல் உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே எண் வந்தது. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போனேன். மேடைக்கு மிக அருகில் போடலாம் என்று கணவர் சொல்ல, அம்மா நின்று சரிவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். “கிட்டக்கப் போடாதீங்க மாப்ள. நடுவுல, ஓரமா போடுங்க. எழுந்து போய்வர வழி வேணும்” என்றாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பகலெல்லாம் தெரிந்தது. சரிவின் நடுப்பகுதியில், நடைபாதைக்குப் பக்கத்தில் போட்டால் கழிவறைக்கும் சாப்பாட்டுக்கும் சிறு மேடைகளுக்கும் போய்வர வசதி. இருட்டிய பிறகு மற்றவர்கள் கால்களைத் தாண்டித் தாண்டிச் சரிவில் இறங்குவது வயசானவர்களுக்கு ஆபத்து. முட்டி வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் தனி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வாசலில் தன்னார்வலர்களைக் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

தார்ப்பாயை விட்டுவிட்டு நாள் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம். திரும்பி வரும்போது அப்படியே இருக்கும். அம்மாவுக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்தது. “நம்ம ஊர்ப் பழக்கம்தான்” என்று நாலு தடவை சொன்னாள்.

அன்று பகல் 24 டிகிரி. அம்மா நூல் சேலையும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் போட்டிருந்தாள். நான் சன்ஸ்கிரீன், தொப்பி, கொசு மருந்து, புளிச்சோறு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். கம்பளியை மறந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மேல் வெயில் இறங்கியதும் ஆற்றுப் பக்கமிருந்து குளிர் ஏறி வந்தது. பத்து மணிக்கு 11 டிகிரி. புல்லில் பனி இறங்கி, தார்ப்பாயின் அடிப்பக்கம் சில்லென்று ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொட்டுப் பார்த்தபோது விரல்கள் விறைத்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துத் தார்ப்பாயில் இருந்த ஒரு வயதான தம்பதி ஒன்றுமே கேட்காமல் தடிமனான போர்வை ஒன்றை எடுத்து அம்மா தோளில் போர்த்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து சூடாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒரு போர்வை கொண்டுவருவது வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிலிருந்து எங்கள் பைக்குள் போவது இவைதான்: தார்ப்பாய்க்கு மேலே போட ஒரு பழைய ஜமக்காளம், ஆளுக்கொரு கம்பளி, காதை மூடும் குல்லாய், கெட்டியான சாக்ஸ், மழைக் கோட்டு, பிளாஸ்கில் சுக்குக் காப்பி. குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். நாற்காலி என்றால் குட்டையாக இருக்க வேண்டும், உயரமானதை நடுச்சரிவில் போட விடமாட்டார்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் கூடாது. இடி, மின்னல் வந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள். அப்போது சரிவில் அப்படியே உட்கார்ந்திருக்காமல் சொன்ன இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே சாயங்கால மின்னல் சாதாரணம்.

அன்று அம்மாவுக்குப் போர்வை கிடைத்த கொஞ்ச நேரத்தில் நன்றாக இருட்டிவிட்டது. சரிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பத்து, நூறு, அப்புறம் மலையே மினுமினுத்தது. திருவண்ணாமலை மாவட்டக்காரியான அம்மா எழுந்து நின்று, பின்னால் திரும்பி, மலை உச்சி வரைக்கும் பார்த்தாள். “கார்த்திகை” என்றாள், அவ்வளவுதான். அப்புறம் குளிரைப் பற்றிப் பேச்சே இல்லை.

டிக்கெட் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு நாள் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விற்பனை தொடங்கும் அன்றே கணினி முன் உட்கார வேண்டும். ஒரு வருடம் தவறவிட்டு, இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் வாங்கப் பார்த்தோம். பணம் அனுப்பினோம், டிக்கெட் வரவில்லை. 180 டாலர் போனது. முகம் பார்க்காமல், டிக்கெட்டைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள். 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் கட்டணம் இல்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. காரில் போவதை மறந்துவிடுங்கள். சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில் விழா நாட்களில் நிறுத்த முடியாது. 2023 நவம்பரில் திறந்த புது ரயில் பாதையில் மட்டார்ட் என்ற நிலையம், கண்ணாடிப் பிரமிடுகள் நான்கு இருக்கும் தாவரத் தோட்டத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கினால் மலை அடிவாரம்.

இன்னொன்று, தட்டு. விழாக் கடைகளில் சாப்பாட்டைத் திரும்பப் பயன்படுத்தும் தட்டில்தான் தருவார்கள். இரண்டு டாலர் முன்பணம்; தட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். பெரியவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடும் தட்டுகளைப் பிள்ளைகள் தேடிப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு சேர்ப்பார்கள். என் பையனுக்கு ஆறு வயதில் சம்பாதித்த முதல் பணம் அதுதான், பதினாலு டாலர்.

எங்கள் இரண்டாவது விழா ஃபிரிஞ்ச். 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த ஃபிரிஞ்ச் விழாவை மாதிரியாக வைத்து 1982-இல் இங்கே ஆரம்பித்தார்கள். வட அமெரிக்காவிலேயே மூத்ததும் பெரியதும் இதுதான். ஆகஸ்ட் நடுவில், ஓல்ட் ஸ்ட்ராத்கோனா என்ற பழைய பகுதியில் பத்து நாளுக்கு மேல் நடக்கும். அரங்குகள் மட்டும் போதாமல் தேவாலயக் கூடம், மதுக்கடையின் பின்னறை என்று கிடைத்த இடமெல்லாம் நாடகம். முக்கியமான கட்டடமே ஒரு காலத்தில் பேருந்துக் கொட்டகையாக இருந்ததுதான்.

எனக்கு இந்த விழாமேல் மரியாதை வர இரண்டு காரணங்கள். விழா அரங்குகளில் யார் நடிப்பது என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, குலுக்கல்தான். பேர் பெற்றவருக்கும் நேற்றுக் கல்லூரி முடித்தவருக்கும் ஒரே வாய்ப்பு. அடுத்தது, கலைஞர் வைக்கும் டிக்கெட் விலை முழுசும் கலைஞருக்கே போகிறது. விழாவுக்கான சிறு கட்டணத்தை அதன்மேல் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள்.

குலுக்கல் என்பதால் நல்லதும் வரும், சுமாரும் வரும். எதைப் பார்ப்பது என்று குழம்ப வேண்டாம். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம், “இதுவரைக்கும் பார்த்ததில் எது பிடித்தது?” என்று கேளுங்கள். இந்த ஊரில் அறிமுகமில்லாதவரிடம் பேச இதைவிட நல்ல கேள்வி கிடையாது. எனக்கு இங்கே கிடைத்த முதல் தோழி அப்படி ஒரு வரிசையில் கிடைத்தவள்தான். பிள்ளைகளோடு போகிறவர்கள் நிகழ்ச்சிக் கையேட்டில் வயதுக் குறிப்பையும் எச்சரிக்கையையும் கட்டாயம் பாருங்கள். பெரியவர்களுக்கான நாடகம் நிறைய உண்டு. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியும் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. நாடகம் தொடங்கிவிட்டால் கதவு மூடப்படும். டிக்கெட் கையில் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. நாங்கள் மூன்று நிமிடம் தாமதமாகப் போய் வெளியே நின்றிருக்கிறோம். முதலில் கோபம் வந்தது. உள்ளே முப்பது பேர் முன்னால் ஒரே ஒருத்தி தனியாக நடித்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று பிறகு யோசித்தேன். இரண்டு நாடகங்களுக்கு நடுவே குறைந்தது முக்கால் மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஃபிரிஞ்சில் அவளுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. தெருவில் நடக்கும் வித்தைகளுக்கு டிக்கெட் கிடையாது. நடுத்தெருவில் ஒருவர் பெட்டியைத் திறந்து, ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் சீண்டிக் கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்தார். கால் மணி நேரம் இதிலேயே போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அம்மா மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “கட்டியங்காரன் வேலையைத்தானே பண்றான். கூட்டத்தைக் கட்டத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்” என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அந்தக் கால் மணி நேரமும் ஆட்டத்தில் சேர்த்தி என்று எனக்கு உறைத்தது. கடைசியில் தொப்பி சுற்றி வந்தது. அம்மா என்னிடம் இருபது டாலர் வாங்கிப் போட்டாள். ஊரில் கூத்தாடிக்கு அன்பளிப்பு கொடுத்தே பழகியவள், அங்கே ஐந்து டாலர் போதும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் செய்ததுதான் சரி. தெருக்கலைஞருக்குத் தொப்பியில் விழுவதுதான் கூலி. பார்த்து முடித்துவிட்டு நைசாக நழுவுவது நாடகத்துக்கு டிக்கெட் இல்லாமல் போவதற்குச் சமம். கையில் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் பசித்தால் வெங்காயத்தாள் ரொட்டி. சீன வழி வந்த தின்பண்டம், எண்ணெயில் பொரித்து மிளகாய்ச் சாந்தோடு தருவார்கள். சியூ டோ என்ற சமையல்காரர் எழுபதுகளின் கடைசியில் இங்கே அறிமுகப்படுத்த, இன்று எட்மன்டன் விழாக்களின் அடையாளமே அதுதான். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

ஹெரிட்டேஜ் விழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1976 முதல் நடக்கிறது. நாட்டுக்கு நாடு கூடாரம், சாப்பாடு, ஆட்டம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வரிசை தாங்காது. போகும்போது உணவு வங்கிக்காக ஒரு அரிசிப் பையோ பருப்பு டப்பாவோ எடுத்துப் போங்கள். அந்த விழாவின் நோக்கங்களில் ஒன்று அது.

புகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2018 ஆகஸ்டில் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் எரிந்த காட்டுத்தீயின் புகை இங்கே வந்து ஃபிரிஞ்ச் நாட்களை மூடிக்கொண்டது. மதியம் சூரியன் செம்பு நாணயம் மாதிரி தெரிந்தது. பையனுக்கு இழுப்பு உண்டு. விழாவுக்கு வந்தாயிற்று, டிக்கெட்டும் வாங்கியாயிற்று என்று இரண்டு மணி நேரம் வெளியே சுற்றினோம். அன்று இரவு முழுக்க நெபுலைசரோடு உட்கார்ந்திருந்தேன். அதன்பின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. இங்கே அது ஒன்றிலிருந்து பத்து வரை, அதற்கு மேலும் போகும். ஏழைத் தொட்டாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

2020, 2021 இரண்டு ஆகஸ்டிலும் மலையில் விழா நடக்கவில்லை. நாங்கள் சும்மா போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அப்போதுதான், விழா திரும்பி வந்தால் வேலை செய்யவும் போக வேண்டும் என்று தோன்றியது. இந்த விழாவை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். இடம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே விண்ணப்பிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது, தட்டுகளைத் திருப்பி வாங்கும் இடம். நாலு மணி நேரம் நின்று தட்டு வாங்கிச் சில்லறை கொடுத்தேன். என்னோடு நின்ற ஓய்வுபெற்ற செவிலியர் இருபது வருடத்துக்கு மேலாக அதே வேலைக்கு வருகிறார். எந்தப் பாட்டும் கேட்காத அந்த நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த விழா நாள். புதிதாக வந்து, இன்னும் நல்ல வேலை அமையாமல் வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். பேச்சு பழகும், ஆட்கள் பழகுவார்கள், சாப்பாடும் போடுவார்கள்.

2024-இல் அம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை பெட்டியில் ஒரு கோரைப்பாய் கொண்டுவந்திருந்தாள், இரண்டாக மடித்து, சேலையில் சுற்றி. தார்ப்பாய் இருக்கிறதே என்றேன். “அது குளுருதுடி” என்றாள். மட்டார்ட் நிலையத்தில் இறங்கி, வயது அறுபத்தேழு ஆகிவிட்டதால் மெதுவாக ஏறினோம். தார்ப்பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் கோரைப்பாய். பதினொரு வயதுப் பையன் நாலு முனையிலும் செருப்பை வைத்தான்.

ஞாயிறு இரவு கடைசிப் பாட்டு எப்போதும் ஒன்றுதான். கலைஞர்களும் தன்னார்வலர்களும் மேடையில் ஏறிவிட, மலை முழுக்க எழுந்து நின்று பாடும். ஆல்பர்ட்டாவுக்குப் போகலாமா என்று யோசிக்கும் ஒருவரின் பழைய பாட்டு. எனக்கு இப்போது வரிகள் மனப்பாடம். அம்மாவுக்கு ராகம் மட்டும் தெரியும், வாயை மூடி முனகினாள். பக்கத்துத் தார்ப்பாயில் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு, மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் பையைத் திறந்து, கூடுதலாகக் கொண்டுவந்திருந்த போர்வையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.